கொரோனா ஆண்டுகளில் விமான நிலைய வாசலில் நின்றவனின் குறிப்புகள்

2020 மே 25ஆம் தேதி, திங்கட்கிழமை, இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, நான் கோவை விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் நெற்றி வெப்பமானியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். என் வழக்கமான வேலை அதுவல்ல. பயணிகளின் டிக்கெட்டைச் சரிபார்ப்பது, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, சக்கர நாற்காலியில் வரும் முதியவர்களை விமானப் படிவரை கொண்டுசேர்ப்பது போன்ற தரைப் பணிகளைச் செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்த்துவந்தேன். மார்ச் 24 நள்ளிரவோடு விமானங்கள் நின்றதும் கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு ஏறிவிட்டேன். அந்த இரண்டு மாதங்களும் அப்பாவோடு சேர்ந்து எங்கள் முக்கால் ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது அம்மா அழுதார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை; அவருடைய பழைய மப்ளரை எடுத்துப் பையில் வைத்தார்.

முதல் கட்டத்தில் வழக்கமான அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு விமானங்களை மட்டுமே இயக்க அனுமதி இருந்தது. பிறகு அந்த அளவு 45, 60, 70, 80 விழுக்காடு என்று டிசம்பர் வரை படிப்படியாக உயர்ந்தது. இரண்டாம் அலை வந்ததும் 2021 ஜூன் 1 முதல் 50 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதிதான் முழு அளவுக்குத் திரும்பியது. மலைப்பாதையில் ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஓட்டுநர்கள் சொல்வார்கள். அட்டவணையை இப்படி ஏற்றியும் இறக்கியும் நடத்தியது எனக்கு அந்தக் காரணத்தாலேயே பிடித்திருந்தது. கூட்டம் குறைவாக இருந்த அந்த முதல் மாதங்களில்தான் எங்களால் வரிசைகளை மாற்றிப் பார்க்கவும், தவறு செய்து திருத்திக்கொள்ளவும் முடிந்தது. முதல் நாளே முழுக் கூட்டத்தையும் உள்ளே விட்டிருந்தால் நாங்கள் எதையும் கற்றிருக்க மாட்டோம்.

என் கையில் இருந்த வெப்பமானியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் பெரிதாக நம்பியது அதைத்தான். அது தோலின் மேற்பரப்பு வெப்பத்தை மட்டுமே அளக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில், ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில், விடியற்காலை விமானத்துக்காக நள்ளிரவுக்கு மேல் புறப்பட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்ட ஜீப்பில் மலையிறங்கி வருபவர்களின் நெற்றி 33 அல்லது 34 டிகிரி செல்சியஸ் காட்டும். அப்படி வருபவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் இருந்தாலும் கருவி 36 என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பிவிடும். ஆகவே மலையிலிருந்து வருபவர்களைக் காற்று அடிக்காத இடத்தில் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, தொப்பியையும் மப்ளரையும் கழற்றச் சொல்லி, அதன் பிறகே அளப்பது என்று வைத்துக்கொண்டோம். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. இந்தத் தொற்று அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே பரவக்கூடியது. அறிகுறியே இல்லாதவர்களும் பரப்பக்கூடியவர்கள். காய்ச்சல் மாத்திரை போட்டவரின் நெற்றியோ மூன்று நான்கு மணி நேரத்துக்கு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வெப்பமானி ஒரு சல்லடை என்றால், அதன் கண்கள் மிகப் பெரியவை.

பயணிகள் அஞ்சியது விமானத்தின் உட்புறத்தை. அங்கே என்ன நடக்கிறது என்பதை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலான நவீன ஜெட் பயணிகள் விமானங்களில் காற்று மேலிருந்து இறங்கி, இருக்கைக்குக் கீழே தரையோரமாக வெளியேறுகிறது. ஏறக்குறையப் பாதி வெளிக்காற்று, மீதிப் பாதி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்பி வருவது. அறையின் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் இருபது முதல் முப்பது முறை மாறிவிடுகிறது. திருமண மண்டபங்களிலோ கண்ணாடி மூடிய பேருந்துகளிலோ பொதுவாக இந்த அளவு கிடையாது. எனினும் இதெல்லாம் காற்று ஓடும்போது மட்டுமே உண்மை. 2020 செப்டம்பர் இறுதியில் துபாயிலிருந்து கோலாலம்பூர் வழியாக நியூசிலாந்துக்குச் சென்ற ஒரு விமானத்தைப் பற்றிப் பின்னர் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. பலர் முகக்கவசம் அணிந்து, புறப்படுவதற்கு முன் பரிசோதனையும் செய்துகொண்டு வந்திருந்தும், பயணிகளில் குறைந்தது நான்கு பேருக்கு அந்தப் பயணத்திலேயே தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும் என்று மரபணு ஒப்பீடு காட்டியது. கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பும்போது விமானத்தின் துணை மின் இயந்திரம், அதாவது நாங்கள் ஏ.பி.யு. என்று சொல்வது, சுமார் முப்பது நிமிடம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் அந்த ஆய்வில் இருந்தது. அது ஓடாவிட்டால், வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று கொடுக்காத நிலையில், உள்ளே காற்றோட்டம் நின்றுபோகும்.

அதைப் படித்தபோது எங்கள் வேலையின் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஆபத்து வானத்தைவிடத் தரையில்தான் அதிகம். அதுவும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறும் இடங்களில். வாசலில் அடையாள அட்டை காட்டும் வரிசை, பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றும் இடம், கதவு மூடிய பேருந்து, விமானத்துக்குள் பெட்டியை மேலே ஏற்றுவதற்காக முன்னால் இருப்பவர் நிற்க அவர் பின்னால் முப்பது பேர் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் நடைபாதை, இறங்கியதும் எல்லோரும் ஒரே மூலையில் குவியும், பெட்டிகள் சுற்றிவரும் பெட்டிப் பட்டை. இந்த இணைப்புகளில்தான் உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி முதல் சில மாதங்கள் துடைப்பதிலேயே போயிற்று. பெட்டிகளின் மேல் மருந்து தெளித்தோம், தள்ளுவண்டிகளைத் துடைத்தோம், பேனாவைக் கூடத் துடைத்துக் கொடுத்தோம். காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூலையில் ஒப்புக்கொண்ட பின்பும் துடைப்பதே கண்ணுக்குத் தெரியும் வேலையாக இருந்ததால் அது நிற்கவில்லை. ஒரு சக ஊழியர் தரைக்கு ஊற்றும் ஹைப்போகுளோரைட் கரைசலை விமானத்துக்குள் கொண்டுபோகப் பார்த்து, பொறியாளரிடம் நல்ல திட்டு வாங்கினார். அது அலுமினியத்தை அரித்துவிடும், உள்ளே பயன்படுத்த வேண்டியது அதற்கென ஏற்கப்பட்ட திரவங்களை மட்டுமே.

உண்மையில் பலன் தந்த மாற்றங்கள் எளியவை. பயணிகளைப் பின் வரிசையிலிருந்து பத்துப் பத்துப் பேராக அழைத்தோம். பின் கதவு வழியாக ஏறும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்துக்கு அந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதை முதல் நாள் மறந்து, குறுகிய படிக்கட்டில் ஒரு நெரிசலை நாங்களே உண்டாக்கினோம். நடந்து போகக்கூடிய தூரத்தில் நிற்கும் விமானத்துக்குப் பேருந்தே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் அம்மா முடிவெடுத்தார். வேண்டிய இடங்களில் பாதிப் பேரோடு, கண்ணாடிகளைத் திறந்து ஓட்டினார்கள். ஒருவருக்கு ஒரு பெட்டி, ஒரு கைப்பை என்ற விதி தொற்றுக்காக வந்தது என்றாலும், நடைபாதையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தது அதுதான். இறங்கும்போது தம் வரிசை எண் அழைக்கும்வரை எழ வேண்டாம் என்ற அறிவிப்பை மட்டும் யாரும் மதிக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நிற்பது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

நடு இருக்கைப் பிரச்சினையும் உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஜூன் 1 அன்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், இயன்றவரை நடு இருக்கையைக் காலியாக விடவும், முடியாதபோது அதில் அமர்பவருக்கு உடலைச் சுற்றும் மேலங்கி கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்த மேலங்கிகள் எங்களைப் படுத்தியபாடு தனி. பலர் அதைப் பின்னால் முடிச்சுப் போடத் தெரியாமல் கோட்டு மாதிரி அணிந்தார்கள்; இறங்கியதும் தலைவழியே உருவி, உதறி, கிடைத்த இடத்தில் வீசினார்கள். உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்றுவதை, அணிவதற்கு முன்பே செய்துகாட்ட வேண்டும் என்று நாங்கள் புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைத் தொட்டி பெட்டிப் பட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை விமானப் படியின் அடியில் கொண்டுபோய் வைத்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நின்றிருந்த விமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் விமானத்தின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்குள் பூச்சிகள் கூடு கட்டிவிடும் என்பதால் மூடி போட்டு வைப்பார்கள். மறுபடி பறக்கும் முன் அதைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் பாரம் தாங்கும் டயரை அவ்வப்போது உருட்டி வைக்க வேண்டும். விமானிகளும் 90 நாட்களுக்குள் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பயிற்சியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கைவிட்டுப்போன பழக்கம் எங்களுக்கும் பொருந்தியது: இரண்டு மாதம் கொழுந்து பறித்த கை, முதல் வாரத்தில் மும்பைக்குப் போக வேண்டிய ஒரு பெட்டிக்குச் சென்னைச் சீட்டை ஒட்டிவிட்டது.

ஆகஸ்டு 7ஆம் தேதி இரவு, எங்கள் மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில், துபாயிலிருந்து 190 பேரோடு வந்த மீட்பு விமானம் கோழிக்கோடு கரிப்பூர் நிலையத்தில் ஓடுதளத்தைத் தாண்டிச் சரிந்து, இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மக்களுக்குக் கரிப்பூர்தான் வசதியான விமான நிலையம் என்பதால் அந்த இரவு எங்களுக்கு அயலூர்ச் செய்தியாக இல்லை. தொற்று அச்சத்தைப் பார்க்காமல் ஓடிவந்து இடிபாடுகளிலிருந்து மனிதர்களைத் தூக்கிய உள்ளூர் மக்கள் பிறகு தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் நிலையத்தில் அவசர உதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கட்டுத் துணி இருந்தது, கையுறையும் முகக்கவசமும் போதவில்லை.

இனி, என் தவறு. 2020 ஜூலை மூன்றாம் வாரத்தில் எனக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. கோவையில் நால்வர் தங்கும் அறையில் நான் இருந்தேன். உடம்பு சரியில்லை என்று சொன்னால் பதினான்கு நாட்கள் வேலைக்கு வரக் கூடாது. வராத நாளுக்கு அந்த நிறுவனம் சம்பளம் தராது. ஏற்கெனவே இரண்டு மாதம் வெறுங்கையோடு இருந்தவன் நான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், மாத்திரை போட்டேன், விடுமுறை நாளில் ஊருக்குக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும் தெரிந்தவரின் பிக்கப் வண்டியில், மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே வந்தோம். குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் என் நெற்றியைக் காட்டினேன். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது. எட்டு வாரமாக மற்றவர்களைக் கேட்ட அதே கேள்வியை அந்தக் காவலர் என்னைக் கேட்டபோது, எட்டு வாரமாக மற்றவர்கள் எனக்குச் சொன்ன அதே பதிலை நான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மாவுக்குக் காபி மணம் தெரியவில்லை. எங்கள் தெருவைத் தகரம் அடித்து அடைத்தார்கள். வண்டிக்காரருக்கும் தொற்று உறுதியாகி, ஒரு மாதம் அவர் மண்டிக்குப் போகவில்லை. அப்பா ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் இருந்து, பிழைத்து வந்தார். ஊர்ப் பெரியவர் தூரத்தில் நின்று என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தொண்டை வலின்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா, கடைசி வீட்டைத் திறந்துவிட்டு வேளாவேளைக்குச் சோறு வெச்சிருப்போமே தம்பி?” அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அதற்குப் பிறகு வெளியூரிலிருந்து வருபவர்களுக்கென்று அந்தக் காலி வீட்டை ஊரே பெருக்கிப் பூட்டி வைத்தது. அடுத்த ஓராண்டில் அது பலமுறை பயன்பட்டது.

அந்த நாட்களில் நான் கற்ற இன்னொன்றையும் மலைவாசிகளுக்காகச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியில் 94க்குக் கீழே போனால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயரத்தில் வாழும் நல்ல உடல்நிலை உள்ளவருக்கே 95 அல்லது 96 காட்டுவது சாதாரணம். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் வழக்கமான அளவை எழுதி வைத்திருந்தால்தான், அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல முடியும். இதே கணக்கு விமானத்துக்கும் பொருந்தும்: பறக்கும்போது உள்ளேயுள்ள காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம், அதாவது 7,350 அடியில் உள்ள ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. நோயிலிருந்து அண்மையில் எழுந்து, சமவெளியிலேயே அளவு குறைவாக உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் விமானத்திலும் ஏறக் கூடாது, மலைக்கும் ஏறக் கூடாது.

வேலைக்குத் திரும்பியதும் மேற்பார்வையாளர் அம்மாவிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் மேலிடத்தில் போராடி, தனிமையில் இருக்கும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் வாங்கித் தந்தார். அடுத்த மாதமே எங்களில் மூன்று பேர் தாமாக வந்து உடம்பு சரியில்லை என்றார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒருவர்கூட அப்படி வந்ததில்லை. அந்த மூன்று மாதங்களிலும் நாங்கள் எல்லோரும் திடகாத்திரமாக இருந்தோம் என்று நான் நம்பவில்லை.

பயணிகளிடமும் இதே கதைதான். ஊரடங்கில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பணம் தராமல், பிறகு பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று கணக்கில் வைத்துக்கொண்டதால், பலரும் விமான நிறுவனங்கள் மீது கசப்போடு வந்தார்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதற்கான வழிமுறைகளை உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1ஆம் தேதிதான் உறுதி செய்தது. ஒருமுறை பணத்தை இழந்தவர் இன்னொரு முறை இழக்க மாட்டார். “காய்ச்சல், இருமல் ஏதாவது இருக்கிறதா?” என்ற கேள்விக்கு எல்லோருடைய பதிலும் “இல்லை” என்பதே. தடுக்கப்படும் பயணி கட்டணமின்றித் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஆனால் அது தாளில் இருந்தது, வாயால் யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் கேள்வியின் வரிசையை மாற்றினேன். “உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்றைய டிக்கெட்டைப் பணம் பிடிக்காமல் வேறு நாளுக்கு மாற்றித் தருவோம் ஐயா, உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு நாளுக்கு ஒருவர், சில நாட்களில் இருவர், சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்கள்.

ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. முதலில் அப்படிச் சொன்ன ஓர் இளைஞரைப் பாராட்டி, தேதியை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். வெளியே போன அவர், ஊருக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிக்க நிறுத்தத்தை நோக்கி நடந்தார். ஹெப்பா வடிகட்டி உள்ள வண்டியிலிருந்து ஒருவரை இறக்கி, நாற்பது பேர் நெருங்கி உட்காரும் வண்டியில் நாங்கள் ஏற்றிவிட்டோம். ஒருவரைத் தடுத்தால், அடுத்து அவர் எங்கே போவார், எதில் போவார், யாரோடு இருப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை அவரை விடக் கூடாது என்று அன்று முடிவு செய்தோம். வாசலுக்கு வெளியே, மரத்தடியில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டோம். 104 எண்ணுக்குத் தகவல் சொல்லிச் சளி மாதிரி கொடுக்க வழி கேட்டோம். வீட்டிலிருந்து சொந்த வண்டி வரும்வரை தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தோம்.

அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் குன்னூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர். பூனாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டவர். இரண்டு நாட்களாக உடம்பு வலி என்று அவராகவே சொன்னார். மகன் காரோடு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. பின் இருக்கையில் அவரை உட்காரவைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, ஏசியை அணைத்து, இருவரும் முகக்கவசத்தோடு பர்லியார் வழியாக ஏறும்படி சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்து, தொற்று உறுதியாகிவிட்டது என்றார். டிசம்பரில், விடியற்காலை விமானத்துக்கு, கம்பளித் தொப்பியும் கையில் அதே பயணப் பையுமாக மறுபடி வந்து என் முன்னால் நின்றார். கருவி 33.4 என்று காட்டியது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் உள்ளே உட்காரச் சொன்னேன்.